‘விதர்’ என்றால் வாடுவதா, உலர்வதா, உதிர்வதா? – கேள்வி பதில்

ஆங்கில வேதாகமத்தில் ‘விதர்’ (wither) என்று வரும் இடங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே கேட்டுவிட்டீர்கள். எபிரேயமும் கிரேக்கமும் என் துறை, அதற்குள் வருவதற்கு விரிவாகச் சொல்கிறேன். தமிழ் வசனங்கள் எல்லாம் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

ஐயா, ‘விதர்’ என்பதற்கு மூலத்தில் ஒரே சொல்தானா? – பாளையங்கோட்டை

இல்லை. அதுதான் இத்தனை குழப்பத்துக்கும் வேர். எபிரேயத்தில் முக்கியமானவை இரண்டு: யாவேஷ், நாவேல். யாவேஷ் என்றால் ஈரம் போய் உலர்வது. செடிக்கு மட்டும் உரிய சொல் அல்ல. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் வெட்டாந்தரைக்கு இருக்கும் பெயரே இதிலிருந்து வந்ததுதான். வெள்ளம் வடிந்த கதையில் இன்னும் நன்றாகத் தெரியும். 8:13-ல் முதல் மாதம் முதல் தேதி தண்ணீர் வற்றிப்போகிறது, அங்கே வேறொரு வினை. அடுத்த வசனத்தில் இரண்டாம் மாதம் இருபத்தேழாம் தேதி ‘பூமி காய்ந்திருந்தது’, அங்கேதான் யாவேஷ். மேலே தேங்கிய தண்ணீர் போவது ஒன்று, மண்ணுக்குள் இருக்கும் ஈரமும் போவது இன்னொன்று.

நாவேல் வேறு. தளர்ந்து, தொய்ந்து, கடைசியில் விழுந்துபோவது. எத்திரோ மோசேயிடம், இப்படித் தனியாளாக நியாயம் விசாரித்தால் ‘தொய்ந்துபோவீர்கள்’ என்கிறாரே (யாத்திராகமம் 18:18), அங்கே இருப்பது இந்த வினைதான்.

ஏசாயா 40:8-ல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும்: ‘புல் உலர்ந்து பூ உதிரும்.’ புல்லுக்கு யாவேஷ், பூவுக்கு நாவேல். இரண்டு வினைக்கும் இரண்டு தமிழ் வினை. இது எனக்கு மிகவும் பிடித்த மொழிபெயர்ப்பு.

கிரேக்கத்திலும் இரண்டு: உலர்வதற்கு க்ஸெராய்னோ, வாடுவதற்கு மராய்னோ. யாக்கோபு 1:11-ல் வெயில் புல்லை ‘உலர்த்தும்’, ஐசுவரியவான் ‘வாடிப்போவான்’. இங்கேயும் தமிழ் பிரித்தே வைத்திருக்கிறது.

‘விதரிங் லுக்’ என்கிறார்களே, அதற்கும் செடிக்கும் என்ன சம்பந்தம்? – கல்லூரி மாணவி, திருச்சி

அந்தப் பார்வை பட்டவர் கருகிப்போவார் என்ற உருவகம் அம்மா. நம் ஊரில் ‘சுட்டெரிக்கிற மாதிரி பார்த்தார்’ என்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். இந்தச் சொல் பிறந்த விதம் தெரிந்தால் உதவும். வானிலைக்கு ஆங்கிலத்தில் ‘வெதர்’ என்கிறோமே, அதே சொல்லின் கிளைதான் ‘விதர்’. 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் காற்றுக்கும் வெயிலுக்கும் திறந்து கிடப்பது என்ற பொருளிலிருந்து கிளைத்தது. ஜெர்மன் மொழியில் இதன் உறவுச் சொல் இன்றைக்கும் பாறை சிதைவதைக் குறிக்கிறது. ஆக, ஆங்கிலச் சொல் வெளியிலிருந்து வரும் தாக்குதலைப் பார்க்கிறது. எபிரேய யாவேஷ் உள்ளே இருந்த ஈரத்தைப் பார்க்கிறது. ஆங்கிலச் சொல்லின் பிறப்பை வைத்து எபிரேய வசனத்துக்கு விளக்கம் சொல்லாதீர்கள். இன்றைக்கு இதைப் பல முறை சொல்ல வேண்டியிருக்கும்.

இயேசு அத்திமரத்தை ஏன் சபித்தார்? – தூத்துக்குடி

காரணம் இறையியல் கேள்வி, போதகரிடம் கேளுங்கள். சொல் பற்றி மட்டும்: மாற்கு 11:20-ல் ‘வேரோடே பட்டுப்போயிருக்கிறதை’ என்று இருக்கிறது. கிரேக்கத்தில் ‘வேர்களிலிருந்து உலர்ந்துபோன’. இதே மாற்கு 4:6-ல் கற்பாறையில் விழுந்த விதை ‘வேரில்லாமையால் உலர்ந்துபோயிற்று’ என்கிறார், வினையும் அதே வினை. உலர்தலை வேரோடு சேர்த்தே பார்க்கிறார் மாற்கு. ‘மரம் பட்டுப்போச்சு’ என்று நாம் சொல்வது அங்கே சரியாகப் பொருந்துகிறது.

சங்கீதம் 1:3-ல் தமிழ் ‘இலையுதிராதிருக்கிற மரம்’ என்கிறது. ஆங்கிலத்தில் ‘விதர்’. தமிழ் தவறுதானே? ‘இலை வாடாத மரம்’ என்று திருத்த வேண்டாமா? – நாகர்கோவில்

தவறு இல்லை. அங்கே மூலத்தில் இருப்பது நாவேல். இதே வினையை ஏசாயா 34:4 திராட்சச் செடியின் இலைக்குச் சொல்கிறது. அந்த வசனத்தில் வானத்தின் சேனை விழுவதற்கு அது உவமை, அதனால் இலை விழுந்தே ஆக வேண்டும். இன்னொரு சாட்சியும் உண்டு. கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த், சங்கீதம் 1:3-ல் ‘அதன் இலை கழன்று விழாது’ என்றே சொல்கிறது. ஏசாயா 40-லும் பூ ‘விழுந்தது’ என்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் பழைய வழியில்தான் போயிருக்கிறார்கள்.

அதே நாகர்கோவில் வாசகர்: ஏற்க முடியவில்லை ஐயா. வாடின செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் நிமிரும். உதிர்ந்த இலை திரும்ப ஒட்டாது. நீதிமானின் இலை வாடக்கூட வாடாது என்பதுதானே பெரிய வாக்குத்தத்தம்?

நல்ல வாதம். இதற்காக இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தேன். ‘வாடுதல்’ திரும்பக்கூடியது, ‘உதிர்தல்’ திரும்பாதது என்று நீங்கள் பிரிப்பது தமிழுக்குச் சரி. ஆனால் எபிரேய வினைக்குள் அந்தக் கோடு இல்லை. நாவேல் முழு நிகழ்வையும் ஒரே மூச்சில் சொல்லும்: தளர்வது, நிறம் மங்குவது, கீழே விழுவது. ஏசாயா 64:6-ல் நாம் அனைவரும் இலையைப் போல் ஆகிறோம் என்பதற்கும் இதே வினை, உடனே காற்று அடித்துக்கொண்டு போகிறது. தமிழில் ஒரு வினையால் அந்த முழு நீளத்தையும் பிடிக்க முடியாது. தொடக்கத்தைப் பிடித்தால் ‘வாடு’, முடிவைப் பிடித்தால் ‘உதிர்’. பழைய மொழிபெயர்ப்பு முடிவைப் பிடித்தது. நீங்கள் தொடக்கத்தைப் பிடிக்கிறீர்கள்.

மார்த்தாண்டம் வாசகர்: நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். நாபால் என்ற மூடனின் பெயரும், பிணத்துக்கான எபிரேயச் சொல்லும் இதே எழுத்துகள்தானே? அப்படியானால் ‘வாடினவன் மூடன், மூடன் பிணம்’ என்று பிரசங்கிக்கலாமா?

வேண்டாம் தம்பி. எழுத்து ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. தமிழில் ஆறு என்றால் நதி, ஆறு என்றால் எண். மூடனுக்கும் வாடலுக்கும் ஒரே வேரா என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. பிரசங்க மேடை அதைத் தீர்க்கும் இடம் அல்ல. தீர்க்கதரிசிகளே வேண்டுமென்று ஒலியோடு விளையாடும் இடங்கள் உண்டு, அங்கே தாராளமாகச் சொல்லுங்கள். யோவேல் 1:12-ல் திராட்சச்செடிக்கு வரும் ‘ஹோவீஷா’வும், மனிதரை விட்டுச் சந்தோஷம் போயிற்று என்னும் ‘ஹோவீஷ்’உம் காதுக்கு ஒன்றே. உலர்தலும் வெட்கமும் அங்கே ஒன்றாகக் கேட்கும். ஏசாயா 24:4-ஐ எபிரேயத்தில் யாராவது வாசிக்கக் கேளுங்கள்: ‘ஆவ்லா நாவ்லா ஹாஆரெத்ஸ், உம்லெலா நாவ்லா தேவேல்.’ தேசம் புலம்பி வாடுவது காதிலேயே விழும்.

மூலச்சொற்களுக்கு எண் வைத்த அகராதியில் 3583, அதாவது க்ஸெராய்னோ, பார்த்தேன்: உலர்தல், வற்றுதல், விறைத்தல், முதிர்தல். அப்படியானால் உதிரப்போக்குள்ள ஸ்திரீயின் கதையிலும் சாபத்தின் பொருள் இருக்கிறதா? – மதுரை

இல்லை, இல்லை. மாற்கு 5:29-ல் ‘உதிரத்தின் ஊறல் நின்றுபோயிற்று’ என்பதற்குக் கிரேக்கத்தில் ‘ஊற்று உலர்ந்தது’ என்றுதான் இருக்கிறது. அத்திமரத்துக்கு வந்த அதே வினை. அங்கே அது அழிவு, இங்கே அது சுகம். மாற்கு 9:18-ல் பிசாசு பிடித்த பையனுக்கும் அதே வினை, தமிழில் ‘சோர்ந்துபோகிறான்’. சொல் ஒன்று, வசனம் நான்கு, பொருள் அந்தந்த வசனத்திலிருந்து வருகிறது. அகராதியில் உள்ள எல்லாப் பொருளையும் அள்ளி ஒரே வசனத்தில் கொட்டாதீர்கள்.

சூம்பின கை, போலியோவா? – வேலூர்

நோயின் பெயர் வசனத்தில் இல்லை. மத்தேயுவிலும் லூக்காவிலும் ‘உலர்ந்த கை’ என்ற பெயரடை, மாற்கு 3:1-ல் ‘உலர்ந்துபோயிருந்த கை’ என்ற பெயரெச்ச வடிவம். பிறவியில் இல்லாமல் பிறகு வந்த குறை என்று இதிலிருந்து சிலர் சொல்வார்கள். அப்படிப் படிக்க இடம் உண்டு, உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. வலது கை என்பது லூக்காவில் மட்டும். சதை வற்றிய கைக்குத் தமிழில் ‘சூம்பின’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியாது.

அத்திமரம் ஏன்...? – கோவை. அத்திமரத்தை... – சென்னை, இரண்டு பேர்

மேலே தூத்துக்குடிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். காரணத்துக்கு நான் ஆள் இல்லை.

‘வாடாத கிரீடம்’, அது என்ன கிரீடம்? – ஈரோடு

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். 1 பேதுரு 5:4-ல் ‘அமராந்தினோஸ்’, மராய்னோவுக்கு எதிர்மறை. அமராந்த் என்பது வாடாத பூவுக்கு அவர்கள் வைத்த பெயர். தாவரவியலில் அந்தப் பெயர் யாருக்குப் போயிற்று தெரியுமா? நம் முளைக்கீரை, தண்டுக்கீரை இனத்துக்கு. அதே குடும்பத்துப் பூ ஒன்று நம் தோட்டத்திலும் உண்டு, அதை ஆங்கிலத்தில் ‘குளோப் அமராந்த்’ என்பார்கள். நாம் அதை வாடாமல்லி என்கிறோம். பறித்துக் காய்ந்த பிறகும் நிறம் மங்காது. உலர்வது வேறு, வாடுவது வேறு என்று நான் சொல்வதை அந்தப் பூவே காட்டும்: உலரும், வாடாது. சத்துக் குறைவில் குழந்தைகள் உடல் வற்றிப்போகும் ‘மராஸ்மஸ்’ என்ற நோயின் பெயரும் மராய்னோ வழி வந்ததே. உலர்ந்த என்ற ‘க்ஸெரோஸ்’ எங்கே இருக்கிறது என்றால், தெருமுனை ஜெராக்ஸ் கடையில். ஈர மையில்லாமல் உலர்முறையில் நகல் எடுப்பதால் வந்த பெயர்.

வில்லியம் விதரிங் என்ற டாக்டர் பெயரும் இதுதானா? – சேலம்

அது குடும்பப்பெயர். டிஜிட்டாலிஸ் செடியை இதய நோய்க்குப் பயன்படுத்தி 1785-ல் நூல் எழுதியவர். வசனத்துக்குச் சம்பந்தம் இல்லை.

எங்கள் தேயிலை ஃபேக்டரியில் ‘விதரிங்’ என்பதும் அழிவா ஐயா? – கோத்தகிரி

இல்லை. பறித்த கொழுந்தைப் பரப்பிக் காற்று விட்டு, உருட்டினால் நொறுங்காத அளவுக்கு ஈரத்தைக் குறைக்கிறீர்கள். ஆங்கிலச் சொல்லின் பழைய ‘காற்றாட விடுதல்’ பொருள் அங்கேதான் இன்னும் உயிரோடு இருக்கிறது. முழுக்க உலர்த்துவது கடைசிக் கட்டம், இல்லையா? நீங்களே வாடலையும் உலர்தலையும் தனித்தனி வேலையாகச் செய்கிறீர்கள்.

நாகர்கோவில் மறுபடியும்: சரி ஐயா, ஆனால் ஓரக்குறிப்பிலாவது ‘வாடாத’ என்று போடலாமே?

போடலாம். அதில் உங்களோடு நிற்கிறேன்.

வெளிப்படுத்தல் 14:15-ல் ‘பூமியின் பயிர் முதிர்ந்தது’. அங்கேயும் 3583 என்கிறார்கள். காய்ந்த பயிரை யார் அறுப்பார்கள்? – விவசாயி, தஞ்சாவூர்

நீங்கள்தான் அறுப்பீர்கள் அண்ணா. கிரேக்கத்தில் அப்படியே ‘பயிர் உலர்ந்தது’. தண்ணீரில்லாமல் காய்ந்த பயிர் இல்லை, கதிர் பழுத்து மணியில் ஈரம் வற்றிய பயிர். அறுப்புக்கு முன்னால் வயலில் தண்ணீரை வடித்துவிட்டு நீங்கள் காத்திருப்பது எதற்கோ, அதைத்தான் யோவான் எழுதியிருக்கிறார்.