மயக்க ஊசிக்கு முன் இட்ட கையெழுத்தும், பின் கேட்கப்படும் கையெழுத்தும்

கேள்வி: என் தாயாருக்கு வயது 63, தமிழ் மட்டுமே தெரியும். பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு தனியார் மருந்தகத்தில் (கிளினிக்) கொலோனோஸ்கோபி, அதாவது குழாய் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, செய்தபோது, மயக்க ஊசி போட்ட சிறிது நேரத்தில் அவருக்கு மூச்சு தடைப்பட்டது. 995 ஆம்புலன்சில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். நான்கு நாள் செயற்கைச் சுவாசத்தில் இருந்தார். அதன்பின் மறதி அதிகமாகிவிட்டது. "ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டிருக்கிறார், இது யாருக்கும் நேரக்கூடிய சிக்கல்" என்கிறது மருந்தகம். கட்டணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: அந்தக் கடிதத்தில் இப்போது யாரும் கையெழுத்திட வேண்டாம். நீங்கள் அஞ்சுவது முன்பு இட்ட கையெழுத்தைப் பற்றி. நான் அஞ்சுவது இனி இடக்கூடிய கையெழுத்தைப் பற்றி. ஒப்புதல் படிவம் என்பது, கவனமாகச் செய்தாலும் நேரக்கூடிய ஆபத்தை அறிந்து சம்மதித்ததற்கான சான்று மட்டுமே. கவனக்குறைவை ஏற்றுக்கொண்டதாக அதற்குப் பொருள் இல்லை. "எது நேர்ந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல" என்று அதில் அச்சிட்டிருந்தாலும்கூட, அலட்சியத்தால் விளையும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை இவ்வாறு விலக்கிக்கொள்ள முடியாது என்று 1977ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் சொல்கிறது. சிங்கப்பூரில் அது நடைமுறையில் உள்ளது. ஆனால் சம்பவம் நடந்த பிறகு, "முழுத் தீர்வாக" ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு எழுதிக் கொடுக்கும் கடிதம் வேறு வகையானது. அது பொதுவாகச் செல்லுபடியாகும் சமரசம். சில ஆயிரம் வெள்ளிக் கட்டணத்துக்காக, வாழ்நாள் பராமரிப்புக்குக் கேட்கும் உரிமையையே அது முடித்துவிடக்கூடும். மேலும், உரிமை உங்கள் தாயாருடையது. அவருக்காக நீங்கள் கையெழுத்திடுவதும் சரியன்று.

அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்கு வெளியே தரப்படும் மயக்கத்தைச் சிலர் எளிதாக எண்ணிவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். லேசான தூக்கமாகத் தொடங்கும் மயக்கம், மருந்தின் அளவும் நோயாளியின் உடல்நிலையும் சேர்ந்து, யாரும் உத்தேசிக்காமலே ஆழ்ந்த மயக்கமாக மாறலாம். இதற்குத் தரப்படும் மருந்துகளில் மிடாசோலம், ஃபெண்டானில் ஆகியவற்றின் விளைவை முறிக்க மாற்று மருந்து உண்டு, புரொபொஃபாலுக்கு இல்லை. மூக்குக் குழாய் வழியே ஆக்சிஜன் தரும்போது, மூச்சு நின்ற பிறகும், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டிய கருவி சிறிது நேரம் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். வெளிமூச்சின் கரியமில வாயுவை அளக்கும் கருவியோ உடனே எச்சரிக்கும். எனவே உங்கள் வழக்கின் உயிர்நாடி படிவத்தில் இல்லை, அந்தச் சில நிமிடங்களின் பதிவில் இருக்கிறது: எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, குழாயைச் செலுத்திய மருத்துவரைத் தவிர, மூச்சைக் கவனிப்பதற்கென்றே பயிற்சி பெற்ற வேறொருவர் இருந்தாரா, குறட்டை, உறக்கத்தில் மூச்சுத்திணறல் பற்றி முன்கூட்டிக் கேட்டார்களா, 995ஐ எப்போது அழைத்தார்கள்.

2009 டிசம்பரில் இங்கே ஒரு தனியார் மருந்தகத்தில், கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்காகப் புரொபொஃபால் செலுத்தப்பட்ட ஒருவர் மூச்சுப்பாதை அடைபட்டு இறந்தார். அம்மருந்தைக் கையாளும் பயிற்சி இல்லாமல் அச்சிகிச்சையை நடத்திய மருத்துவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்குமாறு 2018இல் உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அது ஒழுங்கு நடவடிக்கை. நீங்கள் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் புகார் செய்தாலும், அது மருத்துவரைத் தண்டிக்கலாமே தவிர உங்களுக்கு இழப்பீடு தராது. இழப்பீட்டுக்கு நீதிமன்றமோ சமரசப் பேச்சோதான் வழி.

அங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் எழும். சிகிச்சை முறையைப் பொறுத்தவரை, பொறுப்புள்ள மருத்துவர்கள் அதை ஏற்பார்களா, அந்தக் கருத்து தர்க்கத்துக்கு ஒத்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். ஆகவே சுயேச்சையான மயக்க மருந்து நிபுணர் ஒருவரின் அறிக்கை இல்லாமல் வழக்கு நிற்காது. எச்சரித்துச் சொன்னார்களா என்ற கேள்விக்கு, 2022 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குடிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு பொருந்தும். முடிவெடுக்க நோயாளிக்கு நியாயமாகத் தேவைப்படும் தகவல் தரப்பட்டதா என்பதைச் சக மருத்துவர்களின் கருத்தோடு சேர்த்து அது எடைபோடும். தமிழ் மட்டும் அறிந்தவருக்கு ஆங்கிலப் படிவத்தை விளக்கியது யார், எந்த மொழியில், எவ்வளவு நேரம் என்பது இங்கே மிக முக்கியம். அதே வேளையில், எச்சரிக்கை கிடைத்திருந்தால் அவர் வேறு முடிவு எடுத்திருப்பார் என்பதையும் காட்ட வேண்டியிருக்கும். மறதிக்குக் காரணம் அந்த ஆக்சிஜன் குறைவுதான், வயதோ வேறு நோயோ அல்ல என்பதை நிறுவுவதே எல்லாவற்றிலும் கடினமானது. நரம்பியல் நிபுணரை இப்போதே பாருங்கள்.

காலக்கெடு மூன்று ஆண்டுகள். காயம் நேர்ந்த நாளிலிருந்தோ, அதைப் பற்றி அறிந்த நாளிலிருந்தோ கணக்கிடப்படும். இவ்விரண்டில் முதலில் வரும் காயம் நேர்ந்த நாளையே கணக்கில் வைத்துக்கொண்டால், உங்களிடம் 22 மாதங்கள் உள்ளன. நிபுணர் அறிக்கைக்கே பல மாதங்கள் போய்விடும் என்பதால் இது தாராளமான அவகாசம் அன்று.

முதலில் மருந்தகத்திடமும் மருத்துவமனையிடமும் முழு மருத்துவக் குறிப்புகளின் நகலைத் தாயாரின் பெயரில், அவர் கையெழுத்துடன் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டப்படி தம்மைப் பற்றிய தகவலைப் பெறும் உரிமை அவருக்கு உண்டு. "மயக்க மருந்துப் பதிவுத்தாள்" என்று குறிப்பிட்டே கேளுங்கள். சுருக்க அறிக்கையோடு திருப்தியடைந்துவிடாதீர்கள். வழக்கில் வரும் தொகையில் பங்கு கேட்கும் வழக்கறிஞரை நாடாதீர்கள், அந்த ஏற்பாடு இங்கே சட்டப்படி செல்லாது. வருமானம் குறைவென்றால் சட்ட உதவிப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், இன்றிரவே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அன்று காலை மருந்தகத்தில் என்ன கேட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று தாயாருக்கு நினைவிருப்பதை அவர் சொற்களிலேயே சொல்லச் செய்து, நீங்கள் கண்டதைத் தனியாகவும் எழுதி, இரண்டிலும் தேதியிட்டு வையுங்கள். அவருடைய நினைவு மங்கிக்கொண்டிருப்பதால் இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.