பழைய பிக்கப்புக்கு முன் சஸ்பென்ஷன் பார்ட்ஸ்: வருஷத்தை மட்டும் சொல்லி வாங்காதீங்க

கேள்வி: "என்கிட்ட ஒரு பழைய பிக்கப் இருக்கு, நான் மூணாவது ஓனர். குழியில இறங்கினா முன்னாடி டக்குனு சத்தம் வருது, வண்டி ஒரு பக்கமா இழுக்குது. லோயர் பால் ஜாயின்ட் போயிருச்சுன்னு மெக்கானிக் சொன்னாரு. வருஷத்தை சொல்லி புதுசு வாங்குனேன், ஆனா ஆர்ம்ல இருக்குற ஓட்டையை விட அது சின்னதா இருக்கு. தேடிப் பாத்தா அதே வருஷத்துக்கே மூணு விதம் காட்டுது. எது என் வண்டிக்குனு எப்படி கண்டுபிடிக்கிறது?"

மொதல்ல அந்த பால் ஜாயின்டை திருப்பிக் குடுத்துருங்க. பால் ஜாயின்ட்னா, சேஸிஸ்ல இருந்து வீல் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்குற ஆர்மையும் வீலைத் தாங்குற நக்குளையும் இணைக்கிற உருண்டை மூட்டு. பிரஸ் பண்ணி ஏத்துற டைப்னா அது இறுக்கமா பிரஸ்லதான் உள்ள போகணும், கையில தள்ளினா போகுதுன்னா அது உங்க ஆர்முக்கு இல்ல. சுத்தி ரெண்டு பொட்டு வெல்டு வச்சு நிறுத்திடலாம்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க, அந்த சூட்டுல உள்ள இருக்குற கிரீஸும் உருண்டை உக்கார்ற சீட்டும் வீணாப் போயிரும், அதுக்கப்புறம் ஓடுற வண்டியில லோயர் பால் ஜாயின்ட் கழண்டுச்சுன்னா வீல் அப்படியே மடங்கி ஸ்டீயரிங் கையை விட்டுப் போயிரும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். வருஷம்ங்கறது பாதி விலாசம்தான். அமெரிக்காவுல வித்த டொயோட்டா 4 வீல் டிரைவ் பிக்கப்பையே எடுத்துக்கங்க, 1985 மாடல் வரைக்கும் முன்னாடி ரெண்டு வீலையும் ஒண்ணா சேக்குற முழு ஆக்சிலும் லீஃப் ஸ்பிரிங்கும், 1986-ல இருந்து டார்ஷன் பார் (முறுக்குல ஸ்பிரிங் வேலை செய்யுற கம்பி) வச்ச இண்டிபெண்டெண்ட் சஸ்பென்ஷன், அதாவது ரெண்டு வீலும் தனித்தனியா அசையுறது. ஹைலக்ஸ்ங்கற பேர்ல வெளிய மத்த மார்க்கெட்டுக்குப் போன அதே பிக்கப்ல அதுக்கப்புறமும் முழு ஆக்சில் வந்துக்கிட்டுதான் இருந்துச்சு, எல்என்106-ங்கற மாடல் அந்த வகை. 1988-ல இருந்து 1998 வரைக்கும் வந்த ஷெவி பிக்கப்ல 2 வீல் டிரைவ்னா காயில் ஸ்பிரிங், 4 வீல் டிரைவ்னா டார்ஷன் பார், அதுலயும் அரை டன், முக்கா டன், ஒரு டன்னுனு லோடுக்கு தகுந்த மாதிரி பார்ட்ஸ் மாறும். ஃபோர்டு 1965-ல கொண்டுவந்த ட்வின் ஐ-பீம் (வீலுக்கு ஒண்ணா ரெண்டு பீம்) தனி கதை, அதுல பழசுல வீல் திரும்புறதுக்கு கிங் பின்ங்கற தண்டு, பின்னாடி வந்ததுல பால் ஜாயின்ட். அதனால வண்டிக்கு அடியில போய் முன்னாடி ஸ்பிரிங் எந்த வகை, அது எந்த ஆர்ம் மேல உக்காந்திருக்கு, 2 வீல் டிரைவா 4 வீல் டிரைவா, இதை மொதல்ல எழுதி வைங்க.

அடுத்து டிரைவர் கதவு தூண்ல இருக்குற ஸ்டிக்கர். அதுல பெரும்பாலும் வண்டி எந்த மாசம் தயாராச்சுங்கறதும் முன் ஆக்சில் எவ்வளவு எடை தாங்கும்ங்கறதும் இருக்கும், நடு வருஷத்துல டிசைன் மாறியிருந்தா அந்த மாசம்தான் முடிவு பண்ணும். அமெரிக்க மார்க்கெட் வண்டின்னா 1981 மாடல்ல இருந்து 17 எழுத்து சேஸிஸ் நம்பர், அதுல 10-வது எழுத்து மாடல் வருஷம், இது ஆர்சி புக்ல போட்டிருக்குற வருஷத்தோட ஒத்துப்போகணும்னு கட்டாயம் இல்ல. சேஸிஸ் நம்பரை முழுசா குடுத்து கம்பெனி பார்ட் நம்பரை வாங்கிருங்க. பழைய நம்பர் இப்ப ஓட்டத்துல இல்லாம அதுக்குப் பதிலா புது நம்பர் வந்திருக்கலாம், ரெண்டையும் குறிச்சுக்கங்க. ஒண்ணு கவனிங்க, ஆர்ம் மேல வார்ப்புல எழும்பி இருக்குற நம்பர் வார்க்குற மோல்டோட நம்பர், பல நேரம் பார்ட் நம்பரே இல்ல.

ஆனா இவ்வளவும் வண்டி ஃபேக்டரியில இருந்து எப்படி வந்துச்சுன்னுதான் சொல்லும். உங்களுக்கு முன்னாடி ரெண்டு ஓனர் இருந்திருக்காங்க. ஓட்டை பெருசா இருக்குன்னா எனக்கு வர்ற முதல் சந்தேகமே யாரோ ஹெவி மாடல் ஆர்மை மாட்டியிருக்காங்கங்கறதுதான், இல்லன்னா பல தடவை கழட்டி மாட்டி ஓட்டையே தேஞ்சு போயிருக்கும். அதனால இடது வலது ரெண்டு ஆர்மையும் ஒப்பிட்டுப் பாருங்க. பழைய பால் ஜாயின்டை கழட்டினதும் வெர்னியர் (நுணுக்கமா அளக்குற கருவி) வச்சு ஜாயின்ட் பாடியோட வெளி விட்டம், ஸ்டட் டேப்பரோட (அதுல இருந்து நீட்டிக்கிட்டு இருக்குற கூம்புத் தண்டோட) அடி விட்டம் நுனி விட்டம், நட் த்ரெட், பிரஸ்ஸா போல்ட்டா ரிவெட்டா, இதெல்லாம் அளந்துக்கங்க. ஓட்டையையும் ரெண்டு மூணு திசையில அளங்க, வட்டமா இல்லாம நீள்வட்டமா வந்தா ஆர்மையே மாத்தணும். டேப்பர் விஷயத்துல ரொம்ப கவனம் வேணும், ஏன்னா கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் நட் இறுகுற மாதிரியே தெரியும், ஆனா நக்குள்ல முழுசா பிடிக்காம உள்ளுக்குள்ள ஆடி ஆடி ஸ்டட் ஒடியும். கம்பெனியில ரிவெட் அடிச்சு வந்த பால் ஜாயின்டுக்கு மாத்து பார்ட் போல்ட்டோட வர்றது சகஜம், அதைப் பாத்து தப்பான பார்ட்னு நெனைக்க வேணாம்.

இன்னொண்ணு, உண்மையிலேயே பால் ஜாயின்ட்தான் போயிருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க. ஸ்பிரிங்கோ டார்ஷன் பாரோ லோயர் ஆர்ம்ல இருந்தா ஜாக்கியை அந்த லோயர் ஆர்முக்கு அடியில, பால் ஜாயின்டுக்கு பக்கத்துல குடுத்து தூக்கணும். சேஸிஸ்ல குடுத்து தூக்கினா ஸ்பிரிங் ஆர்மை கீழ அழுத்திக்கிட்டே இருக்கும், ஜாயின்ட் இறுக்கமா இருக்குற மாதிரி ஏமாத்தும். ஸ்பிரிங் அப்பர் ஆர்ம் மேல இருக்குற வண்டின்னா இதுக்கு நேர்மாறு, சேஸிஸ்லதான் தூக்கணும். ஸ்டாண்டு வச்சுட்டு டயருக்கு அடியில கடப்பாரை விட்டு மேல நெம்புங்க, ஆட்டம் எங்க வருதுன்னு இன்னொருத்தர் கை வச்சுப் பாக்கட்டும். நீங்க சொல்ற ஒரு பக்கம் இழுக்குறது எனக்கு பால் ஜாயின்ட் மட்டும்னு தோணல. ஆர்மை சேஸிஸ்ல பிடிச்சிருக்குற ரப்பர் புஷ் கிழிஞ்சு ஒரு பக்க லோயர் ஆர்ம் பின்னாடி நகர்ந்தா காஸ்டர் (பக்கவாட்டுல பாத்தா வீல் திரும்புற கோடு பின்னாடி சாஞ்சிருக்குற கோணம்) கொறையும், காஸ்டர் கொறஞ்ச பக்கம் வண்டி இழுக்கும். டயரை இடம் மாத்திப் போட்டுப் பாருங்க, பிரேக் ஒட்டுதான்னும் பாருங்க. டை ராட் எண்ட் மாத்துறதா இருந்தா ஒரே ராட்ல ஒரு முனை வலது த்ரெட், மறு முனை இடது த்ரெட் வரும், பாத்து வாங்குங்க.

டார்ஷன் பார் கழட்ட வேண்டி வந்தா அட்ஜஸ்டர் போல்ட் எவ்வளவு வெளிய நிக்குதுன்னு முன்னாடியே அளந்து எழுதிக்கங்க. இடது பாரும் வலது பாரும் பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும், ஆனா மாத்திப் போடக்கூடாது, ஒவ்வொண்ணும் ஒரு திசை முறுக்குக்கு தயார் பண்ணது, முனையில குறி இருக்கும். டார்ஷன் பாரோ காயிலோ, அதுல அடங்கி இருக்குற விசை ஆளைக் கொல்லும், அதுக்குன்னு இருக்குற டூல் இல்லாம கை வைக்காதீங்க. காயில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் ரெண்டும் ஜோடியா மாத்துங்க. வண்டியோட உயரத்தை யாராவது ஏத்தி விட்டிருந்தா ஷாக் நீளம் கம்பெனி அளவுல சரியா வராது, முழுசா நீட்டின அளவையும் அமுக்கின அளவையும் எடுத்துதான் வாங்கணும்.

மாட்டும்போது ரப்பர் புஷ் இருக்குற ஆர்ம் போல்ட்டை வீல் தொங்குறப்ப முழுசா இறுக்காதீங்க, வண்டி எடை கீழ இறங்கி நிக்கிற உயரத்துல இறுக்குங்க, இல்லன்னா ரப்பர் எப்பவும் முறுக்குலயே இருந்து சீக்கிரம் கிழியும். நட்டுல ஸ்ப்லிட் பின் ஓட்டை நேரா வரலன்னா அடுத்த பல்லு வரைக்கும் இன்னும் இறுக்குங்க, லூஸ் பண்ணி நேராக்காதீங்க. அப்பர் ஆர்ம்ல ஷிம் (கோணத்தை சரிபண்ண வைக்கிற மெல்லிய தகடு) இருந்தா எந்த போல்ட்ல எத்தனைன்னு போட்டோ எடுத்துக்கங்க, அதே மாதிரி திரும்பப் போட்டா அலைன்மென்ட் பண்ற இடம் வரைக்கும் வண்டியை ஓட்டிட்டுப் போகலாம். காஸ்டர், கேம்பர் (வீல் உள்ளயோ வெளியயோ சாயுற கோணம்), டோ (வீலோட முன்பக்கம் உள்ள வெளிய திரும்பி இருக்குறது) மூணையும் அங்க பாக்கச் சொல்லுங்க.