பதில் சொல்லும் குரல்

வணக்கம்.

அட் த டிரைவ்-இன் என்ற அமெரிக்க ராக் குழுவைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரியைப் பார்த்து, 2000-இல் வந்த ‘ரிலேஷன்ஷிப் ஆஃப் கமாண்ட்’ ஆல்பத்தைக் கேட்டேன். ஒரு வாரமாக வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. அப்புறம் 2017-இல் வந்த ‘இன்டர் அலியா’. அதே வேகம், அதே கத்தல், ஆனாலும் ஏதோ குறைகிறது. ஜிம் வார்ட் இல்லாததுதான் காரணமா? ஒரு கிதார்காரர் போனதற்கா இவ்வளவு? அவர் இல்லாமல் அந்தப் பெயரை வைத்துக்கொள்வது சரியா?
- கே.

அன்புள்ள கே.,

பெயர் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் இல்லை. 1994-இல் டெக்சஸின் எல் பாசோவில் ஜிம் வார்டும் பாடகர் செட்ரிக் பிக்ஸ்லரும் தொடங்கிய குழு அது. ஆரம்பத்திலிருந்தே ஆட்கள் வருவதும் போவதும்தான். வெறும் 600 டாலரில் பதிவான முதல் ஆல்பத்தில் ஓமார் ரோட்ரிகஸ் வாசித்தது பாஸ் (அடிநாதம் தரும் கிதார்); வழக்கமான கிதாருக்கு அப்புறம்தான் மாறினார். 1997-இல் வந்த ‘எல் கிரான் ஓர்கோ’ என்ற குறும் ஆல்பத்தில் வார்டே கிடையாது. போனார், திரும்பி வந்தார். அதனால் வார்ட் இல்லாத அட் த டிரைவ்-இன் 2017-இல் புதிதாக முளைத்ததில்லை.

ஆனால் உங்கள் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது. ‘ரிலேஷன்ஷிப்’பில் செட்ரிக் மூச்சு விடாமல் சொற்களைக் கொட்டுவார், பாதிக்கு அர்த்தம் பிடிபடாது. ஓமாரின் கிதார் பாட்டுக்குக் குறுக்கே நடக்கும். வார்ட் நேராக நின்று ரிதம் அடிப்பார், இடையிடையே செட்ரிக்குக் குரலால் பதில் சொல்வார். அந்தப் பதில் இருப்பதால்தான் கத்தல் பாட்டாகிறது. எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் ஹுவாரெஸில் கொல்லப்பட்ட பெண்களைப் பற்றிய ‘இன்வாலிட் லிட்டர் டெப்ட்.’ பாட்டில் செட்ரிக் கிட்டத்தட்டப் பேசிக்கொண்டே போவார். கோரஸ் வரும்போதுதான் மெட்டு திறக்கும். எனக்கு அந்த ஆல்பத்திலேயே பிடித்த இடம் அது.

அந்த இழுபறி அதிக நாள் தாங்கவில்லை. 2001 ஜனவரியில் சிட்னி ‘பிக் டே அவுட்’ விழாவில், கூட்டம் முட்டி மோதுவதைக் கண்டித்து, அவர்களைப் பார்த்து ஆடு மாதிரிக் கத்திக் காட்டிவிட்டு, மூன்று பாட்டோடு இறங்கிப் போனார்கள். திமிர் என்று நினைத்தவர்கள் உண்டு. அதே நாளில், வேறொரு குழு வாசித்தபோது நெரிசலில் சிக்கிய பதின்வயதுப் பெண் ஒருத்தி சில நாளில் இறந்துபோனாள். மார்ச்சில் குழு கலைந்தது.

வார்டும் பாஸ்காரர் பால் ஹினோஹோஸும் டிரம்மர் டோனி ஹஜ்ஜாரும் ஸ்பார்ட்டா என்ற புதுக் குழு ஆனார்கள். செட்ரிக்கும் ஓமாரும் மார்ஸ் வோல்ட்டா என்ற இன்னொரு குழு. ஸ்பார்ட்டாவின் ‘வயர்டாப் ஸ்கார்ஸ்’, மார்ஸ் வோல்ட்டாவின் ‘டி-லவுஸ்ட் இன் த கோமடோரியம்’ இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஒன்று ரொம்ப ஒழுங்கு. இன்னொன்றைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஆனால் ஒரே மூச்சில் கேட்க முடிந்ததில்லை.

2005-இல் ஹினோஹோஸ் ஸ்பார்ட்டாவை விட்டு மார்ஸ் வோல்ட்டா பக்கம் தாவ, அந்தக் காலி இடத்துக்கு வந்தவர் கீலி டேவிஸ். 2012-இல் பழைய ஐவரும் கோச்செல்லா இசை விழாவில் சேர்ந்து வாசித்தார்கள். 2016-இல் மறுபடி கூடியபோது, சுற்றுப்பயணத்துக்கு முன்பே வார்ட் விலகினார். அவர் இடத்துக்கு வந்ததும் அதே டேவிஸ்! பாவம், இரண்டு முறையும் அடுத்தவர் விட்டுப்போன நாற்காலி.

டேவிஸ் நல்ல வாசிப்பாளர். ‘இன்டர் அலியா’வில் கிதாரில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. செட்ரிக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார், எதிர்ப்பக்கத்திலிருந்து அந்தப் பழைய குரல் மட்டும் வருவதில்லை. நீங்கள் தேடியது அதைத்தான் என்று நினைக்கிறேன்.