கூத்துக்கு விடியவிடிய இருந்த சனம் மண்டபத்துக்கு ஏன் வருவதில்லை?

உங்கள் கேள்வி இது: மட்டக்களப்பு நகரில் மண்டபம் எடுத்து நாடகம் போடுகிறீர்கள். அழைப்பிதழ், பனர், முகநூல் என்று எல்லாம் செய்தும் பாதிக் கதிரை காலி. வந்தவர்களும் இடையில் எழும்பிப் போகிறார்கள். கூத்துக்கு விடியவிடிய இருந்த அதே சனத்தை மண்டபத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது?

நான் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் ஒரு பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். பிள்ளைகளோடு நாடகம் போடுவதும், நகரத்து மேடைகளுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போவதும் என் வேலையில் ஒரு பகுதி. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், விளம்பரத்தை இன்னும் கூட்டினால் சனம் வராது. அந்த நாடகம் உருவாகிய காலம் முழுவதும் அவர்களுக்கு அதில் ஒரு பங்கும் இருக்கவில்லை. நாடகம் முடிவான பிறகுதான் பார்க்க வா என்று கூப்பிடுகிறோம்.

கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு இரவுக் காரியம் இல்லை. வெள்ளாமை வெட்டி முடிந்து, ஊரில் கையில் கொஞ்சம் நெல்லும் நேரமும் இருக்கும்போது பெரியவர்கள் கூடி இந்த முறை கூத்துப் போடுவோம் என்று தீர்மானிப்பார்கள். ஆட்டமுறை வடமோடியா தென்மோடியா, எந்தக் கதை, பழக்குகிற அண்ணாவியார் யார் என்பதெல்லாம் அங்கேயே பேசப்படும். அப்புறம் சட்டம் கொடுத்தல். ஆளின் குரலையும் உடல்வாகையும் பார்த்து, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று அண்ணாவியார் பிரித்துக் கொடுப்பார். பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். பழகிய அளவைக் கிழமைக்கு ஒருமுறை ஊருக்கு ஆடிக் காட்டுவது கிழமைக் கூத்து. சதங்கை அணிகிற நாள் தனி விசேசம். முழுக் கூத்தையும் ஒழுங்காக ஒருமுறை ஆடிப் பார்ப்பது அடுக்குப் பார்த்தல். இவ்வளவும் கடந்துதான் அரங்கேற்றம். அதற்குப் பிறகும் வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள்.

ஆகவே அரங்கேற்ற இரவில் வட்டக்களரி என்கிற வட்டமான ஆடுகளத்தைச் சுற்றிப் பாய் விரித்திருக்கிற சனத்துக்கு அந்தக் கூத்து பாதி மனப்பாடம். வீமனாக வருகிறவர் பழக்கத்தில் எந்த இடத்தில் தாளம் தவறினார், அண்ணாவியாரிடம் எப்படி ஏச்சு வாங்கினார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவர் வரவுக்கு வெடி கொளுத்துகிறவர்கள் மச்சான்மார். மாலை போடுகிறவ மாமி. பெண் வேசத்துக்குச் சேலையும் நகையும் தந்தது பக்கத்து வீடு. கதையின் முடிவு எல்லாருக்கும் தெரியும். நம்மட பிள்ளை இன்றைக்கு எப்படி ஆடப்போகுது என்பதுதான் தெரியாது. அதற்காகத்தான் கண் விழித்திருந்தார்கள்.

மண்டபத்தில் நாங்கள் செய்வதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை. ஒரு கிழமைக்கு முன் பனர். அன்றைக்கு முன்வரிசையில் அதிதிகளுக்குச் சோபா. மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை. நாடகம் தொடங்கும்போது பின்வரிசைத் தாய்மாரின் மடியில் பிள்ளைகள் நித்திரை. பேசி முடித்த அதிதிகள் அடுத்த கூட்டத்துக்கு எழும்பிப் போக, மேடையில் நிற்கிற பிள்ளைகளுக்கு நேர் முன்னால் வெறும் சோபா. இதைப் பல தடவை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளைகளுக்காக மனம் நோகிறது.

மேடைக்குள் கூத்து வந்த வரலாற்றையும் சொல்ல வேண்டும். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, விடியவிடிய ஆடுவதைச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏற்றபடி ஆக்கினார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்று அடுத்தடுத்து வந்தன. இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர்தான் பின்னாளில் எங்கள் பேராசிரியர் மௌனகுரு. கூத்து என்றால் படிக்காத சனத்தின் ஆட்டம் என்று முகம் சுழித்தவர்களை எழுந்து நின்று பார்க்க வைத்த முயற்சி அது. அதன் பெறுமதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் களரியைச் சுற்றி ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய இருந்த சனம், அந்த மாற்றத்தில் ஒரு பக்கமாக, இருட்டுக்குள் போய்விட்டது. ஆட்டத்தைக் கொண்டுவந்தோம், ஆட்டத்தைச் சுற்றி இருந்த ஊரைக் கொண்டுவர முடியவில்லை.

இதை எதிர்ப்பக்கத்திலிருந்து அணுகியவர் அரங்கச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கர். கூத்து மீளுருவாக்கம் என்று அவர் செய்த வேலை நகரத்தை ஒட்டிய சீலாமுனையில் நடந்தது. அங்கே கூத்து ஊரிலேயே, களரியிலேயே இருந்தது. அண்ணாவியாரும் கூத்தரும் ஊர்ச்சனமும் கூடியிருந்து, இந்தப் பாட்டில் பெண்ணைப் பற்றி இப்படி வருகிறதே, இதை இன்றைக்கும் அப்படியே பாடலாமா என்று பேசினார்கள். பாட்டை மாற்றினார்கள். பேச்சே பழக்கத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. உங்கள் கேள்விக்கு இந்த மாவட்டத்திலேயே கிடைக்கிற மிகப் பெரிய பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பழைய கூத்து எல்லாரையும் சேர்த்துக்கொண்டது என்று பெருமை பேசுவது சுலபம். பெண்களுக்குக் களரியில் ஆட இடம் இல்லை, பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடினார்கள். யார் ராசா வேசம் கட்டுவது, யார் பறை அடிப்பது என்பதில் சாதி இருந்தது. ஊரின் பங்கேற்பு வேண்டும் என்று நாங்கள் கேட்கும்போது, எந்த ஊரை, ஊரில் யாரை என்று சேர்த்தே கேட்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய வேலியைப் புது மண்டபத்துக்குள் நட்டுவிடுவோம்.

கூத்தை விட்டாலும் இந்தக் கரையில் உதாரணத்துக்குக் குறைவில்லை. அம்பாறை மாவட்டத்தில் பாண்டிருப்பு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கதை ஒவ்வொரு வருடமும் சடங்காக நடக்கிறது. பாண்டவர் வனவாசம் போவதும் அருச்சுனன் தவமும் கடைசியில் தீமிதிப்புமாக ஊரே மேடையாகிவிடும். கண்ணகி அம்மனுக்கு எடுக்கிற, கொம்புகளைக் கோத்து இழுக்கிற கொம்பு விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும், சும்மா நின்று பார்க்கிறவர் என்று ஒருவரும் இருக்க மாட்டார். முஸ்லிம் ஊர்களில் கோலாட்டம் போன்ற களிகம்பு அடிக்கும்போதும் சுற்றி நிற்கிறவர்களின் கை தானாகத் தாளம் போடும். எங்கள் சனத்துக்கு ஈடுபடத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, மண்டபத்துக்கு என்ன செய்வது? என் பாடசாலையில் கண்டதைச் சொல்கிறேன். ஒருமுறை வகுப்பறைக்குள் வெக்கை தாங்காமல் ஒத்திகையைப் பின்னேரத்தில் மைதானத்துக்கு மாற்றினோம். மதில் இல்லாத பாடசாலை. முதலில் மாடு சாய்த்துக்கொண்டு போன பொடியன்கள் நின்றார்கள். பிறகு பிள்ளைகளின் தாய்மார் வந்து ஓரமாக இருந்தார்கள். நாடகத்தில் ஒரு செத்த வீட்டுக் காட்சி வரும். ஒரு ஆச்சி எழும்பி வந்து, "ஒப்பாரி இப்படியா மகள் சொல்றது?" என்று கேட்டு, அந்தப் பிள்ளையின் தோளைப் பிடித்தபடி பாடிக் காட்டினார். நான் எழுதிய வரிகளை எடுத்துவிட்டு ஆச்சியின் வரிகளை வைத்தோம். ஒரு தகப்பன் வலை வீசுகிற கையசைவைத் திருத்தினார், அவர் வாவியில் தொழில் செய்கிறவர். இப்படியே ஒத்திகைக்கென்று ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. நகரத்தில் மேடையேறிய நாளில் நான் அவர்களுக்கு அழைப்பிதழ் கொடுக்கவில்லை. அவர்களே உழவு மெசின் பெட்டி பிடித்து, பாயும் தண்ணிப் போத்தலுமாக வந்து இறங்கினார்கள். ஒப்பாரிக் காட்சியில் ஆச்சியைத் திரும்பிப் பார்க்காத ஆள் அந்தப் பக்கத்தில் இல்லை.

அதனால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது, ஒத்திகையைத் திறந்துவிடுங்கள். முழுவதையும் அல்ல, நடிகர்களுக்குத் தனிமையும் வேண்டும். கிழமைக் கூத்துப் போல, கிழமைக்கு ஒரு பின்னேரம், மண்டபத்துக்கு வெளியே, ஒரு வாசிகசாலை முற்றத்திலோ கோயில் வீதியிலோ ஆடிக் காட்டுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு ஊராகப் போகாமல் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். இரண்டாவது முறைதான் சனம் வாய் திறக்கும். அவர்கள் சொன்னதில் ஒன்றையாவது எடுத்து நாடகத்தில் வையுங்கள், அடுத்த கிழமை அதை அவர்கள் கண்ணால் காண வேண்டும். காணாவிட்டால் மூன்றாவது முறை வர மாட்டார்கள்.

இரண்டாவது, பார்வையாளர் கருத்துப் பகிர்வு. நாடகம் முடிந்ததும் மைக்கை நீட்டி, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் இருக்கிறது. எழும்புகிறவர் எப்போதும் பேசிப் பழகிய ஒருவர்தான், பெரும்பாலும் ஓய்வுபெற்ற அதிபர். மற்றவர்கள் கதிரையைத் தள்ளிவிட்டுப் புறப்படுவார்கள். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவால் (Augusto Boal) உருவாக்கிய விவாத அரங்கு இதற்கு நல்ல மாற்று. பிரச்சினை உச்சத்துக்கு வருகிற இடத்தில் நாடகத்தை நிறுத்தி, இந்தப் பாத்திரத்தின் இடத்தில் நீங்கள் நின்றால் என்ன செய்வீர்கள், மேடைக்கு வந்து செய்து காட்டுங்கள் என்று கேட்பது. கேட்டு நடத்துகிறவரை ஜோக்கர் என்பார்கள்.

நாங்கள் நுண்கடன் பற்றி ஒரு சிறு காட்சி செய்தோம். கிழமைத் தவணையான கட்டுக்காசு வாங்க வருகிறவன் முற்றத்தில் நிற்கிறான், வீட்டில் காசில்லை. நிறுத்திவிட்டுக் கேட்டபோது நெடுநேரம் ஒருவரும் அசையவில்லை. ஜோக்கராக நின்ற மாணவி அவசரப்படாமல் நின்றாள், அதை அவளிடம் மெச்ச வேண்டும். கடைசியில் ஒரு அக்கா எழும்பி வந்தார். கடன்காரியாக நிற்கப்போகிறார் என்று நினைத்தோம். அவர், "நான் காசு வாங்க வாறவனாக நிற்கிறேன்" என்றார். அவன் வாயில் என்னென்ன சொல் வரும் என்பதை அப்படியே பேசிக் காட்டினார். கூட்டத்தில் பல பெண்கள் தலையாட்டினார்கள், இருவர் அழுதார்கள். அப்புறம் நாலைந்து பேர் வரிசையாக வந்து அந்த ஆளுக்குப் பதில் சொல்லிப் பார்த்தார்கள், ஒருவர் பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். அன்று நாடகம் எங்கள் கையில் இல்லை. இது எல்லா நாடகத்துக்கும் பொருந்தாது. பிரச்சினை அங்கே இருக்கிற சனத்துடையதாக இருந்தால்தான் நடக்கும். வெளியூர்ப் பிரச்சினை ஒன்றை வைத்து ஆளை மேடைக்கு இழுப்பது அவர்களைக் கூச்சப்படுத்தும், அதைச் செய்யாதீர்கள்.

மண்டபத்தின் அமைப்பிலும் கைவைக்கலாம். கதிரைகளை ஒழுங்கு மாற்ற விடுவார்கள் என்றால், மேடையை விட்டுவிட்டுத் தரையில் ஆடி மூன்று பக்கமும் சனத்தை இருத்துங்கள். பராக்கிரம நிரியெல்லவின் ஜனகரலிய நாடகக் குழு, சிங்கள, தமிழ் நடிகர்களைச் சேர்த்துக்கொண்டு, தங்கள் கூடாரத்தையே ஊர் ஊராகக் கொண்டுபோய் நடுவில் ஆடிச் சுற்றிவரச் சனத்தை இருத்தியது. முன்வரிசைச் சோபாவை எடுத்துவிட்டுப் பாய் போட்டால் பிள்ளைகள் முன்னுக்கு வந்துவிடுவார்கள், பிள்ளைகள் இருக்கிற இடத்தில் தாய்மாரும் இருப்பார்கள். உரைகளை நாடகத்துக்குப் பிறகு வையுங்கள். அதிதிகள் கோபிப்பார்கள்தான். ஒரு முறை பொறுத்துக்கொண்டால் பழகிவிடும்.

முகநூல் நேரலை பற்றிப் பலர் சண்டை பிடிக்கிறார்கள். சுவிசிலும் கனடாவிலும் இருக்கிற உறவுகள் பார்க்கட்டுமே. நேரலையால் மண்டபம் காலியாவதாக நான் காணவில்லை.

நேரமும் போக்குவரத்தும் இருக்கிறதே, அதை யாரும் கலை விசயமாக நினைப்பதில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு படுவான்கரையிலிருந்து நகரத்துக்கு வருவது முன்னரைவிட எவ்வளவோ சுலபம். அதற்கு முன் அந்தத் துறையில் பாதை என்கிற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம். ஆனாலும் இருட்டிய பிறகு திரும்பிப் போகப் பஸ் வேண்டுமே. ஆறு மணிக்கு என்று போட்டு ஏழரைக்குத் தொடங்கும் நாடகத்துக்குப் பஸ்ஸில் வந்தவர் பாதியில் எழும்பாமல் என்ன செய்வார்? உங்களிடம் இடையில் எழும்பிப் போனவர்களில் எத்தனை பேர் நாடகம் பிடிக்காமல் போனார்கள், எத்தனை பேர் கடைசி பஸ்ஸுக்காகப் போனார்கள் என்று வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள். காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்துச் சனமும் வர வேண்டும் என்று உண்மையாக விரும்பினால் மஃரிப் என்கிற அந்தித் தொழுகை நேரத்தில் திரை திறக்காதீர்கள், நோன்பு மாதத்தில் இரவு நிகழ்ச்சி வைக்காதீர்கள். அந்த ஊர்களில் ஒருவரிடம் முதலிலேயே நாள் கேட்டுவிட்டுத் திகதி குறிப்பது இன்னும் நல்லது.

உங்கள் அடுத்த நாடகம் எந்த மாதம் என்று எழுதவில்லை. மார்ச் 27 உலக நாடக தினத்துக்குப் போடுவதாக இருந்தால், பெரும்போக வெட்டு முடிகிற காலம், சனத்துக்கு நேரம் இருக்கும். ஆனால் ஒத்திகையைத் திறப்பதென்றால் வெட்டு நடக்கிற நாட்களில் வயல் ஊர்களுக்குப் போகாதீர்கள், அந்தக் கிழமைகளை நகரத்துக்கு உள்ளேயே ஒரு வாசிகசாலையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று டிப்போவில் கேட்டு, அந்த நேரத்திலிருந்து பின்னுக்குக் கணக்குப் போட்டு நாடகத்தைத் தொடங்குங்கள். எந்த ஊரில் ஒத்திகை வைக்கலாம் என்று யோசித்தால் இங்கே எழுதுங்கள், எங்கள் பக்கம் என்றால் மைதானம் ஒழுங்கு செய்து தருகிறேன்.