வட்டிக்குப் போன ஐந்தாவது கிறிஸ்துமஸ்

கேள்வி: ஐயா, பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவருக்கு 38,000 சம்பளம், எனக்குத் தனியார் பள்ளியில் 16,000. மகனுக்கு 12 வயது, மகளுக்கு 8. எல்லாச் செலவும் போக மாதம் 11,000 மிஞ்சும். 2021 டிசம்பரில் கிறிஸ்துமஸ் செலவுக்காக மூன்று பவுன் செயினையும் இரண்டு ஒரு பவுன் வளையலையும் வங்கியில் 70,000-க்கு வைத்தோம். அதிலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் திருப்பி, கையோடு கூடுதல் தொகைக்கு மாற்றி வைக்கிறோம். 2022-ல் 1,10,000, 2023-ல் 1,55,000, 2024-ல் 2,10,000. வட்டி 9.5 சதவீதம். தங்கம் ஏறியிருப்பதால் இந்த வருடம் 2,75,000 வரை தருகிறோம் என்கிறார்கள். விடுமுறைக்குச் சென்னையிலிருந்து என் மைனி (கணவரின் அக்கா) குடும்பத்தோடு வருவார். அவர்களையும் சேர்த்து வேன் பிடித்து கொடைக்கானல், மூணாறு என்று போவது வழக்கமாகிவிட்டது. 2023-ல் மட்டும் வெள்ளத்தால் போகவில்லை. இப்போது ஒரு ஹாலிடே கிளப்காரர்கள் ஹோட்டலுக்கு அழைத்து, 25 வருட உறுப்பினர் திட்டம் 3,40,000 ரூபாய், தவணையில் கட்டலாம், வருடப் பராமரிப்பு 15,000 என்றார்கள். வருடாவருடம் செலவழிப்பதற்கு இது மேல் இல்லையா? நகையில் வாங்கி முன்பணம் கட்டலாமா? பிள்ளைகளின் கிறிஸ்துமஸைக் குறைக்க மனசு வரவில்லை. போன வருடச் செலவுக் கணக்கை இணைத்திருக்கிறேன்.
பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை.

பதில்: நகைக்கடன் என்றால் என்ன, வட்டி எப்படி ஏறும் என்பதெல்லாம் நான்கு வருடமாக ரசீது வாங்கும் உங்களுக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு நேராக உங்கள் கணக்குக்கு வருகிறேன்.

2022-ல் 1,10,000 வாங்கினீர்கள். பழைய முதல் 70,000, அதன் வட்டி 6,650 போக, கைக்கு வந்தது 33,350. 2023-ல் இதே கணக்குப்படி 34,550. 2024-ல் 40,275. முதல் வருட 70,000-ஐயும் சேர்த்தால், நான்கு கிறிஸ்துமஸுக்கு நீங்கள் உண்மையில் செலவழித்த கடன் பணம் சுமார் 1,78,000. இந்த டிசம்பரில் கட்ட வேண்டிய 19,950-ஐயும் கூட்டினால், வட்டி மட்டும் 51,775. வட்டியோடு 2,30,000 கடனாக நிற்கிறது. அதாவது நான்கு கிறிஸ்துமஸ் கொண்டாடிவிட்டு, ஐந்தாவது ஒன்றை முழுசாக வட்டிக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

இந்த ஓட்டை இத்தனை நாள் உங்கள் கண்ணில் படாததற்குக் காரணம் தங்கம் விலை ஏறியதுதான். ஏறாமல் இருந்திருந்தால் 2023-லேயே வங்கி கையை விரித்திருக்கும். நீங்களும் வட்டியைக் கையிலிருந்து கட்டி, சுருக்கென்று உணர்ந்திருப்பீர்கள். விலை ஏற ஏற, போன வருட வட்டியை இந்த வருடக் கடனே கட்டிவிடுகிறது. "தருகிறோம்" என்று வங்கி சொல்வது நகையின் மதிப்பைப் பார்த்து. உங்கள் சம்பளத்தைப் பார்த்து அல்ல. 2,75,000-க்கு மாற்றி வைத்தால் கைக்கு வருவது 45,050. அடுத்த டிசம்பரில் வட்டி மட்டும் 26,125. தங்கம் ஏறிக்கொண்டே இருக்கும் என்று எழுதி வைக்கவில்லை. 2013 ஏப்ரலில் அது சரிந்தபோது, உச்ச விலையில் கடன் வாங்கியவர்கள்தான் முதலில் மாட்டிக்கொண்டார்கள்.

இன்னொன்று. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட புதிய நகைக்கடன் விதிகள் 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வர வேண்டியவை. அதன்படி, முதலும் வட்டியும் ஒரே தடவையில் கட்டுகிற இந்த வகைச் செலவுக் கடனுக்கு 12 மாதம்தான் உச்சம். புதுப்பிக்க வேண்டுமானால் அதுவரையான வட்டியைக் கட்டியாக வேண்டும். "ஒரு நாளைக்கு மட்டும்" என்று வெளியே வட்டிக்கு வாங்கி நகையைத் திருப்பி, மறுநாளே மாற்றி வைக்கச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருப்பார்கள். அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்க வேண்டாம். ஒரு நாள், ஒரு வாரமாகி, கந்துவட்டியில் போய் நிற்கும்.

இனி உங்கள் செலவுத் தாள். போன வருடம் மொத்தம் 62,000. உங்கள் நால்வருக்குத் துணி 11,000. மைனி குடும்பத்துக்கும் மாமியாருக்கும் 12,500. பலகாரம், கேக் 6,000. ஸ்டார், சீரியல் பல்பு, மரம், குடில் 3,500. கேரல் குழுவுக்கும் ஆலயக் காணிக்கைக்கும் 3,000. இருபத்தைந்தாம் தேதிச் சாப்பாடு 5,000. வேன், ரூம் 21,000. பிள்ளைகளின் கிறிஸ்துமஸைக் குறைக்க மனசில்லை என்கிறீர்கள். குறைக்கச் சொல்லவே இல்லை. பிள்ளைகளுக்கு என்று இதில் இருப்பது என்ன? அவர்கள் துணி, ஸ்டார், கேரல் வரும் இரவு, முறுக்கு சுடும் நாள். எல்லாம் சில்லறை. தூக்கிச் சாப்பிடுவது வேனும் விருந்தாளித் துணியும்: 33,500. நகையில் வாங்கிய 40,000-த்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போயிருக்கிறது.

வேனை மட்டும் நிறுத்தினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கிய வருடம் உங்கள் வேன் போகவில்லை. ஆனாலும் அந்த வருட 34,550-ல் ஒரு ரூபாய் மிஞ்சியதாக உங்கள் கணக்கில் இல்லை. டூருக்காகக் கடன் வாங்குவதாக நீங்கள் நினைக்கிறீர்கள். கையில் கடன் பணம் இருப்பதால்தான் செலவு அந்த அளவுக்கு வீங்குகிறது. ஆகவே முதலில் மூட வேண்டியது கூடுதல் தொகை வாங்கும் அந்த வாசலை.

ஹாலிடே கிளப்பைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. உங்களால் 21,000 டூருக்கே கடனில்லாமல் போக முடியவில்லை. அதற்கு மருந்து 3,40,000 ரூபாய்க் கடனா? பராமரிப்பு என்று கேட்கும் 15,000-மே நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டியது; அது அப்படியே நிற்கும் என்றும் யாரும் எழுதித் தரமாட்டார்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரம் இந்தத் திட்டங்களில் உச்ச சீசன். நீங்கள் எடுத்த வகைக்கு அந்த வாரம் கிடைக்குமா என்று அவர்களிடம் எழுத்தில் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். மகன் இன்னும் சில வருடத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. 25 வருடம் யாரோடு போகப் போகிறீர்கள்? அவர்கள் கொடுத்த பரிசுக் கூப்பனைக் கிழித்துப் போடுங்கள். செல்போனில் வரும் "இப்போது பயணம், பிறகு பணம்" விளம்பரமும் இதே ஜாதிதான்.

செய்ய வேண்டியது இது. போனஸ் 28,000 வரும் என்று கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வந்த அன்றே அதிலிருந்து 19,950 வட்டியைக் கட்டுங்கள். முதல் 2,10,000-ஐ ஒரு ரூபாய்கூட ஏற்றாமல், மாதத் தவணை நகைக்கடனாக மாற்றித் தரச் சொல்லுங்கள். கவுன்டரில் "புதுப்பிக்கணும்" என்று மட்டும் சொன்னால் பழைய மாதிரியே போட்டுவிடுவார்கள்; "இஎம்ஐ நகைக்கடன், 36 மாதம்" என்று சொல்லிக் கேளுங்கள். அதே 9.5 சதவீதத்தில் தவணை சுமார் 6,730 வரும். மூன்று வருட வட்டி மொத்தமும் 32,000-தான். உங்கள் கிளையில் இந்த வகை இல்லையென்றாலும் மாதாமாதம் 6,700-ஐக் கடன் கணக்கில் கட்டிக்கொண்டே வரலாம். கட்டியது அசலில் கழிகிறதா என்று ரசீதில் பாருங்கள்.

இது இறுக்கமாக இருந்தால், "டிசைன் பழசு, போடுவதே இல்லை" என்று நீங்களே எழுதியிருக்கும் இரண்டு வளையல்களையும் விற்றுவிடலாம். பவுன் 90,000 என்று குறைத்தே வைத்து, கழிவு 5 சதவீதம் போனாலும் 1,70,000 தேறும். மிச்சக் கடன் 40,000. மாதம் 4,000 கட்டினால் அடுத்த கிறிஸ்துமஸுக்குள் செயின் கழுத்துக்கு வந்துவிடும். "ஏறுகிற தங்கத்தை விற்பதா" என்று வீட்டில் கேட்பார்கள். பெட்டிக்குள்ளும் இல்லாமல் கழுத்திலும் இல்லாமல் வருடம் 20,000 வட்டி தின்னும் நகையை விற்பது நஷ்டமில்லை. ஒன்று கவனம்: "அடகு நகையை நாங்களே மீட்டு வாங்குகிறோம்" என்கிற கடைகளில் கழிவும் கட்டணமும் எவ்வளவு என்று எழுத்தில் வாங்காமல் ரசீதைக் கையில் கொடுக்காதீர்கள்.

இந்த வருட கிறிஸ்துமஸுக்கு என்ன மிஞ்சும்? போனஸில் 8,000, நவம்பர், டிசம்பர் மிச்சம் 22,000, ஆக 30,000. அதில் 2,000-ஐ அடுத்த வருடத்துக்கு எடுத்து வையுங்கள். அதைப் பிறகு சொல்கிறேன். கையில் 28,000. உங்கள் துணி 7,000. மைனிக்குப் பிறந்த வீட்டுச் சேலை, மாமியாருக்கு ஒன்று, அவர்கள் பிள்ளைகளுக்குத் துணி என்று 5,000; மைனியின் கணவருக்குச் சட்டை எடுத்தே ஆக வேண்டும் என்று எந்த முறையும் இல்லை. பலகாரம், கேக் 4,000. காணிக்கை 3,000, சாப்பாடு 5,000 இரண்டிலும் கை வைக்க வேண்டாம். ஸ்டாருக்கு 800. வெளியே போக 3,000. மொத்தம் 27,800.

கேக்கைக் கிலோ கணக்கில் கடையில் வாங்குவதால்தான் 6,000 ஆகியிருக்கிறது. மைதா, வெண்ணெய், சர்க்கரை தலா அரைக் கிலோ, முட்டை எட்டு, உலர்பழம் 350 கிராம். 650 ரூபாய்க்கு உள்ளே இரண்டு கிலோ கேக் இறங்கும். பழத்தை ஒரு கரண்டி மைதாவில் புரட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்டாரைப் பிள்ளைகளே கட்டட்டும். மூன்றடி மூங்கில் குச்சி பத்து. ஐந்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்தால் ஒரு நட்சத்திரச் சட்டம்; இரண்டு சட்டத்தையும் ஐந்து முனைகளில் சேர்த்துக் கட்டி, நடுவில் குச்சிகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடத்திலும் ஒரு சாண் குச்சியை முட்டுக் கொடுத்தால் உப்பி நிற்கும். சாதாரணக் கலர் தாள் மார்கழித் தூறலில் இரண்டு நாளில் கிழியும், கண்ணாடித்தாள் ஒட்டுங்கள். உள்ளே குண்டு பல்பு போட்டால் சூட்டில் கருகும். 5 வாட் எல்இடி போதும்.

வெளியே போவதற்குக் கொடைக்கானல் குளிர்தான் வேண்டுமா? திருச்செந்தூர் பாசஞ்சரில் பாளையங்கோட்டையிலேயே ஏறலாம்; நால்வருக்கும் டிக்கெட் சில பத்து ரூபாய். திருச்செந்தூரில் இறங்கிப் பஸ்ஸில் மணப்பாடு. மணல் குன்றின் மேல் 1581-ல் கட்டிய திருச்சிலுவை ஆலயமும், கீழே சவேரியார் தங்கிய குகையும், கடலும். ஒரு பகல் போதாது. மெஞ்ஞானபுரத்துத் தூய பவுல் ஆலயத்தின் 192 அடிக் கோபுரம், கால்டுவெல் கட்டிய இடையன்குடி ஆலயம் எல்லாம் கிறிஸ்துமஸ் விளக்கில் பார்க்க வேண்டியவை. இன்னொரு நாள் கூந்தன்குளம். வரித்தலை வாத்தும் பூநாரையும் வலசை வரும் பருவம். விடியற்காலையிலேயே அங்கே இருந்தால்தான் கூட்டமாகப் பார்க்கலாம், வெயில் ஏறினால் தூரத்துப் புள்ளிதான். மழை பிடித்துக்கொண்டால் கொக்கிரகுளம் அறிவியல் மையம். குற்றாலத்தை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்; டிசம்பரில் வெள்ளம் வந்தால் அருவியில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள்.

மைனியிடம் நீங்கள் பேச வேண்டாம். அக்காவிடம் தம்பி பேசட்டும், அதுவும் அவர்கள் வேனைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்னால், நவம்பருக்குள். "அக்கா, இந்த வருஷம் வேன் பிடிக்கல. எல்லாரும் வாங்க, பிரியாணி நம்ம வீட்லதான். பிள்ளைகளக் கூட்டிட்டு மணப்பாடு போவோம்." அவ்வளவு போதும். கடன், வட்டி என்று காரணம் அடுக்கினால் "நான் தர்றேன், அப்புறம் கொடு" என்று வரும். அது இன்னொரு கடன். வேன்தான் வேண்டும் என்றால் பாதிப் பணத்தை முன்னாலேயே அனுப்பச் சொல்லலாம். பெரும்பாலும் வேன் ஆசை அங்கேயே அடங்கிவிடும்.

எடுத்து வைக்கச் சொன்ன 2,000-க்கு வருகிறேன். அதை முதல் தவணையாகப் போட்டு, டிசம்பர் 1-ம் தேதியே வங்கியில் மாதம் 2,000 கட்டும் 12 மாத ஆர்.டி. (தொடர் சேமிப்பு) ஆரம்பியுங்கள். பலரும் புத்தாண்டில்தான் ஆரம்பிப்பார்கள். அது முதிர்வது அடுத்த ஜனவரியில், அதற்குள் டிசம்பரில் நகை அடகுக்குப் போயிருக்கும். தபால் நிலைய ஆர்.டி. ஐந்து வருடத்துக்கானது, இதற்குச் சரிப்படாது. தெருவில் யாராவது நடத்தும் கிறிஸ்துமஸ் பண்டும் வேண்டாம். மளிகைப் பெட்டியைக் காட்டிச் சேர்ப்பார்கள், ஓடிப்போனால் கேட்க ரசீதுகூட இருக்காது. 6.5 சதவீதம் என்றால் அடுத்த டிசம்பர் 1-ல் சுமார் 24,800 கையில் இருக்கும். அந்த வருட போனஸ் முழுவதையும் நகைக்கடன் அசலில் கட்டிவிடுங்கள்.