க்ரை என்றால் அழுகை மட்டும்தானா?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு வீட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது நான்தான். 'க்ரை' என்றால் 'அழு' என்று சொல்லிவைத்திருந்தேன். அவள் படித்த ஒரு கதையில் கிணற்றுக்குள் விழுந்த பையன், '"ஹெல்ப்!" ஹீ க்ரைட்' என்று வருகிறது. '"காப்பாற்றுங்கள்!" என்று அழுதான்' என்று தமிழில் எழுதியிருக்கிறாள். ஆசிரியர் அதை அடித்துவிட்டு 'கத்தினான்' என்று திருத்தியிருக்கிறார். 'நீதானேம்மா அப்படிச் சொன்னே?' என்று கேட்கிறாள். நான் சொன்னது தப்பா? 'வீப்' என்றாலும் அழுவதுதானே, அது எப்போது வரும்?

பதில்: தப்பில்லை அம்மா. ஆனால் நீங்கள் சொல்லிக்கொடுத்தது பாதிதான்.

பல வருஷமாகச் சிறுவர் நூல் மொழிபெயர்ப்புகளைத் திருத்துவது என் வேலை. எந்தப் பிரதி வந்தாலும் இந்த ஒரு சொல்லைத் தனியாகத் தேடிப் பார்ப்பேன். ஒருமுறை ஒரு கடல் கதை வந்தது. திசை தெரியாமல் நாள்கணக்கில் அலைந்த கப்பல். பாய்மரத்து உச்சியில் நின்ற மாலுமி, '"கரை தெரியுது!" என்று அழுதான்' என்று எழுதியிருந்தார்கள். படிக்கிற குழந்தை என்ன நினைக்கும்? கரை தெரிந்ததில் இவனுக்கு என்ன துக்கம் என்றுதானே! மூலத்தில் அவன் தொண்டை கிழியக் கூவியிருந்தான். கப்பலில் இருந்த அத்தனை பேர் சந்தோஷமும் அந்த ஒரு சொல்லில் போய்விட்டது. அன்றைக்கு எனக்கு மனசே ஆறவில்லை.

'க்ரை' பிரெஞ்சிலிருந்து 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். பிரெஞ்சில் 'க்ரியே' என்றால் இன்றைக்கும் கத்துவதுதான். அழுவதற்கு வேறு சொல் இருக்கிறது. ஆங்கிலத்துக்குள்ளும் அது கூப்பாடு, கூக்குரல் என்றுதான் நுழைந்தது. அழும்போதும் குரல் எழும்புகிறதே, அந்த வழியாக அழுகை பின்னால் ஒட்டிக்கொண்டது. இன்று பேச்சில் அதுவே முதல் பொருள் ஆகிவிட்டது. அழுகைக்கு ஆங்கிலம் ஆதியிலிருந்தே வைத்திருந்த சொந்தச் சொல் 'வீப்'.

1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் இந்த இரண்டு சொற்களும் ஒரே அதிகாரத்தில் வருகின்றன. யோவான் 11-ஆம் அதிகாரம், லாசரு இறந்துபோன இடம். 35-ஆம் வசனம் 'ஜீசஸ் வெப்ட்', இரண்டே சொல். நம் வேதாகமத்தில் 'இயேசு கண்ணீர் விட்டார்'. எட்டு வசனம் தள்ளி, 43-இல், கல்லறை வாசலில் நின்று 'லாசருவே, வெளியே வா' என்கிறார். அங்கே ஆங்கிலத்தில் இருப்பது 'க்ரைட்'; தமிழில் 'கூப்பிட்டார்'. இறந்தவனை எழுப்புகிற குரல் அது. 'அழுதார்' என்று அங்கே போட்டிருந்தால் அந்தக் காட்சியே விழுந்துவிடும்.

உங்கள் மகளுக்குப் புரியவைக்க எளிய வழி, புலி வருது கதை. ஆங்கிலத்தில் அது ஓநாய். பொய்யாக ஊரைக் கூட்டுவதை அவர்கள் 'க்ரை வுல்ஃப்' என்பார்கள். அந்தப் பையன் அழவே இல்லையே, சும்மா கூச்சல்தானே போட்டான்! அதே மாதிரி 'வார் க்ரை' போர் முழக்கம். பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் பேச்சு இருந்தாலோ, 'அவுட்' ஒட்டிக்கொண்டு வந்தாலோ, முதலில் குரலை நினைக்கச் சொல்லுங்கள். 'க்ரைட் அவுட் இன் பெயின்' என்றால் வலியில் அலறினான். பேச்சும் இல்லை, அவுட்டும் இல்லை, 'த பேபி க்ரைட் ஆல் நைட்' என்று மட்டும் இருந்தால் அது நீங்கள் சொல்லிக்கொடுத்த அழுகையேதான்.

'வீப்' கண்ணீர் பக்கத்துச் சொல். நீர் கசிகிற புண்ணைக்கூட 'வீப்பிங்' என்று சொல்வது உண்டு. புண்ணுக்குக் குரல் ஏது? இன்றைக்கு அது பெரும்பாலும் எழுத்தில்தான் இருக்கிறது. அழுகிற குழந்தையிடம் 'வொய் ஆர் யூ க்ரையிங்?' என்றுதான் கேட்பார்கள். இறந்தகாலத்தில் அது 'வெப்ட்', 'வீப்ட்' இல்லை. 'க்ரைட்' எழுதும்போது கடைசி ஒய் போய் ஐ வரும். 'க்ரையிங்'கில் ஒய் அப்படியே இருக்கும்.

தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'என்னை அழவைத்தான்' என்பது 'ஹீ மேட் மீ க்ரை'. நடுவில் 'டு' வரவே கூடாது. பெரிய பெரிய ஆட்களே அதைச் செருகிவிடுகிறார்கள். 'எனக்கு அழுகையாக வருகிறது' என்பதற்கு 'க்ரையிங் இஸ் கமிங்' இல்லை, 'ஐ ஃபீல் லைக் க்ரையிங்'. 'அநியாயமாக அபராதம் அழுதேன்' என்கிறோமே, அந்த அழுகைக்கும் 'க்ரை' உதவாது.

கிணற்றுக்குள் கிடந்த பையனுக்கு வருகிறேன். அவன் கண்ணில் தண்ணீர் வந்திருக்கும், சந்தேகமில்லை. மகள் அதை உணர்ந்து எழுதியிருக்கிறாள், அதற்காக அவளைக் கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வரி சொல்வது மேலே போகிறவர்கள் காதில் விழவேண்டிய குரலை. 'கத்தினான்' சரி. என்னைக் கேட்டால் 'கதறினான்' என்று எழுதச் சொல்வேன். குரலும் கண்ணீரும் ஒன்றாக இருக்கிற சொல் நம்மிடம் அதுதான்.