ஆம்ப்ளிஃபயருக்குத் தனி லைன்: எந்த வயர்?

கேள்வி: ஹால்ல ஆம்ப்ளிஃபயருக்குன்னு டிபி பாக்ஸ்ல (வீட்டு கரண்ட் லைன் எல்லாம் பிரியுற பெட்டி) இருந்து தனி லைன் இழுக்கப் போறேன், 15 மீட்டர் வரும். 2.5 ஸ்கொயர் எம்எம் போதுமா, 4 போடணுமா?

பதில்: 2.5 காப்பரே தாராளம்ங்க. 5 ஆம்ப் இழுத்தாலும் போக வர 30 மீட்டர்ல கிட்டத்தட்ட 1.2 வோல்ட்தான் குறையும், 4 போட்டா முக்கால் வோல்ட், 230 வோல்ட்ல இந்த வித்தியாசம் காதுக்குத் தெரியவே தெரியாது. ஆனா சுவரை உடைக்கிற கூலிதான் பெருசு, அதனால பின்னாடி பெரிய ஆம்ப் வாங்குற ஐடியா இருந்தா இப்பவே 4 இழுத்துடுங்க. 16 ஆம்ப் எம்சிபி (லோடு அதிகமானா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்), 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா உடனே கட் பண்றது) கட்டாயம். டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப் எல்லாம் இதே லைன்ல இருக்கட்டும், ஹம் (ஸ்பீக்கர்ல வர்ற 'ம்ம்'ங்கிற இரைச்சல்) குறைய வாய்ப்பு இருக்கு. ஹம் வருதுன்னு எர்த் வயரை மட்டும் கழட்டிடாதீங்க ப்ளீஸ், உயிருக்கே ஆபத்து!